சுண்டெலி போட்ட சத்தம்

ஜனவரி 9

பாப்பா,

நான் மயக்கம் போட்டு விழுந்தேன்னு எவன் சொன்னான்? உன் அண்ணனா? நான் விழலை. உக்காந்தேன். அங்க நாற்காலி இல்லை, அதனால தரையில உக்காந்தேன். அதுக்குப் போய் "அடிபட்டுச்சாப்பா, தலையில வீக்கம் இருக்கா"ன்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்க. நாப்பது வருசம் கறிக்கடையில கத்தியோட நின்ன மனுசன் ஒரு ஊசிக்குப் பயப்படலாமான்னு வேற கேக்குற. பயப்படலாம். கத்தி என் கையில இருந்துச்சு, ஊசி அடுத்தவன் கையில இருக்கு. இதுல சிரிக்க என்ன இருக்கு?

சரி, முறையா ஆரம்பிக்கிறேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேக்குது. ஆளுக்கு ஒரு கிட்னின்னு பங்கு போட்டுக்கிட்ட அம்மாவும் மகனும் எப்படி இருக்கீங்க? என் பேரன் ஜட்ஜ் ஐயா மாத்திரையை ஒழுங்கா முழுங்குறாரா, இல்லை வாய்தா வாங்குறாரா?

நீ சொன்னபடியே ஊசி போடுற கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். என் பேத்தி சுண்டெலிக்கு ஒரு வயசுல ஊசி போட்ட அன்னைக்குக் காய்ச்சல்ல வலிப்பு வந்துச்சுல்ல, அதுலேர்ந்து உன் அண்ணன் ஊசின்னு சொன்னாலே சண்டைக்கு வருவான். மூணு வருசமாத் தள்ளிப்போட்டான். இப்போ பிள்ளைங்க காப்பகத்துல சேக்கணும்னா எல்லா ஊசியும் போட்டிருக்கணும்னு பெரிய டீச்சர் கறாராச் சொல்லிட்டாங்க. அப்புறம்தான் ஐயா வழிக்கு வந்தாரு. "அண்ணன் சொல்றதை மட்டும் நம்பி என் பிள்ளையைக் கூட்டிட்டு வர மாட்டேன், நீங்க கூட இருந்து பாத்துட்டு எழுதுங்க"ன்னு நீ எழுதியிருந்த. நான் போய்ப் பாத்தேன். பாத்தேன்னா, கேட்டேன். "அப்பா, நீங்க வெளியவே இருங்க, உங்களையும் சேத்துத் தூக்கிட்டுப் போக எனக்குத் தெம்பு இல்லை"ன்னுட்டு உன் அண்ணன் கதவைச் சாத்திட்டான்.

கொஞ்ச நேரத்துல சுண்டெலி ஒரு கத்து கத்துச்சு பாரு! என் மந்தக் காதுக்கே வலிச்சுச்சு. அந்தச் சத்தத்துலதான் உக்காந்தேன். வெளிய வந்தா, கையில பஞ்சு, வாயில மிட்டாய், கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. வீராதி வீரி!

ஆக, போட்டாச்சு. நீ தைரியமா வரலாம். அதுக்கு என் காது சாட்சி.

விழாதவன்,
உன் அப்பா

(ஏன் போன் பண்ண மாட்டேங்கிறீங்கன்னு கேக்காதே. எனக்குக் கேக்கணும்னா ஸ்பீக்கர் போடணும். ஸ்பீக்கர் போட்டா நம்ம வீட்டுச் சண்டையை எதிர் வீட்டுக்காரங்க வந்து தீத்து வைப்பாங்க.)

ஜனவரி 21

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்புகள். தைலம் அனுப்பியிருக்கிறேன், பூசுங்கள். பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தைக் கண்ணாடிக் கடையில் வேலைக்கு நடுவில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு, லென்ஸ் தேய்க்கும் மெஷின் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பயப்படாதீர்கள், நிம்மதியில்தான்.

உங்களுக்கு ஒரு தடவை விளக்கமாகச் சொல்கிறேன். உங்கள் பேரனின் உடம்பு நான் கொடுத்த கிட்னியை வெளியே தள்ளிவிடாமல் இருக்கத்தான் அந்த மாத்திரைகள். அதே மாத்திரைகள் அவனுடைய எதிர்ப்புச் சக்தியையும் படுக்க வைத்துவிடுகின்றன. அதனால் தட்டம்மைக்கு மற்றப் பிள்ளைகளுக்குப் போடும் ஊசியை அவனுக்குப் போடவே முடியாது. அவனைச் சுற்றி இருப்பவர்கள் போட்டிருந்தால், அதுதான் அவனுக்குச் சுவர். ஒரே வீட்டில், ஒரே பாயில் அவனோடு புரளப் போகிறவள் சுண்டெலி. அதனால்தான் உங்களை அப்படித் துரத்தினேன்.

அண்ணனிடம் சொல்லுங்கள்: அவன் எவ்வளவு பயந்தான் என்று எனக்குத் தெரியும். பயந்துகொண்டே செய்தானே, அதை நான் மறக்க மாட்டேன். அவனுக்கு ஒரு சட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

அவர் கப்பலில் இருந்து இறங்க இன்னும் ஆறு மாதம் ஆகும். அதுவரை நீங்கள்தான் எனக்குத் துணை. அண்ணிக்கு என் அன்பு.

உங்கள்
பாப்பா

பிப்ரவரி 14

பாப்பாவுக்கு,

தைலம் வந்துச்சு. பூசினேன். முழங்கால் வலி போகலை, ஆனா பக்கத்துல யாரும் வரமாட்டேங்கிறாங்க. அது ஒரு நிம்மதி. நீயும் பேரனும் சுகம்தானே?

உங்களுக்கு மாடி ரூமை ஒழிச்சாச்சு. உன் அண்ணன் சுண்ணாம்பு அடிச்சான். சும்மா சொல்லக் கூடாது, நல்லா அடிச்சான். கீழ பாதி சுண்டெலி அடிச்சது, அது வேற கலர்ல இருக்கு. ஜன்னல் பக்கம் ஜட்ஜ் ஐயாவுக்குக் கட்டில் போட்டிருக்கோம். அங்கேருந்து பாத்தா காப்பகத்து ஊஞ்சல் தெரியும்.

அந்தக் காப்பகத்துப் பெரிய டீச்சர் இருக்காங்களே, எமகாதகி. காலையில கேட்டுல நிப்பாங்க. போன வாரம் ஒரு பிள்ளைக்கு ஒரு ஊசி பாக்கின்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த அப்பன் கார் சாவியை ஆட்டிக்கிட்டே என்னென்னமோ பேசினான். "போட்டுட்டு வாங்க சார், வணக்கம்"னு கேட்டைச் சாத்திட்டாங்க. நம்ம சுண்டெலி அவங்களைத் தாண்டி ராணி மாதிரி உள்ள போகுது.

நான் உக்காந்த கதையை வர்றவன் போறவனுக்கெல்லாம் நடிச்சுக் காட்டிக்கிட்டு இருக்கேன். மருமகளுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொரை ஏறிடும். உன் அண்ணன் மட்டும் எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போயிடுறான். இருபது தடவை கேட்டா யாருக்குத்தான் சலிக்காது?

சட்டை விசயம் சொன்னேன். "எதுக்கு இப்ப அதெல்லாம்"னான். வெக்கம்.

உன் நாத்தம் பிடிச்ச,
அப்பா

மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்திருக்கிறது.

ஏப்ரல் பதினான்காம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கடையில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது, அடுத்து வரப் போகிறவர்கள் வந்து அளவெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இவனுடைய ஃபைலையும் உங்கள் ஊருக்கு மாற்றியாயிற்று. இனிமேல் திரும்பிப் பார்க்க இங்கே ஒன்றும் இல்லை.

ஜட்ஜ் ஐயாவின் உத்தரவு: ஊஞ்சலில் முதலில் அவர்தான் ஏறுவார். சுண்டெலி தள்ள வேண்டும். இதுவரை அவனை யாருடனும் நான் விளையாட விட்டதில்லை அப்பா. "அங்க போனா அக்காவைத் தொடலாமா?" என்று கேட்டான். தொடலாம் என்று சொன்னேன். மூன்று தடவை கேட்டான்.

உங்கள்
பாப்பா

மார்ச் 11

பாப்பாவுக்கு,

சுகம்தானே? இங்க சுகம்.

நீ இப்ப வர வேண்டாம். நம்ம தெருவுல குழாய் போடுறதுக்குப் பெரிய பள்ளமாத் தோண்டிப் போட்டிருக்காங்க. ஒரே புழுதி. பிள்ளைக்கு ஆகாது. டிக்கெட்டை மாத்தி ஒரு மாசம் கழிச்சு வா.

டிக்கெட்டை மாத்தினதும் எழுது.

அப்பா

மார்ச் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். கேலி இல்லாமல் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. அம்மா போனபோதுகூட ஒரு வரி சிரிக்க வைத்து எழுதினீர்கள்.

நான் வருவது யாருக்குப் பிடிக்கவில்லை? அண்ணிக்கா? நோயாளிப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளப் பயமா? அப்படியானால் நேராகச் சொல்லியிருக்கலாம். வீட்டைக் காலி செய்ய நாள் குறித்துவிட்ட பிறகு பள்ளம் என்கிறீர்கள். பள்ளத்தைச் சுற்றி நடந்துகூட வர முடியாதா?

பதில் எழுதுங்கள்.

பாப்பா

மார்ச் 23

அன்புத் தங்கைக்கு,

நீயும் மருமகனும் நலம்தானே. அப்பாவுக்கு நீ எழுதிய கடிதம் தபால்காரரிடமிருந்து என் கைக்கு வந்தது. மன்னித்துக்கொள், படித்துவிட்டேன்.

அப்பா எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ கவலைப்படுவாய் என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை. அவருக்குக் கொஞ்ச நாளாக ஞாபகம் தடுமாறுகிறது. நடக்காததை நடந்தது என்கிறார். நம் தெருவில் பள்ளமும் இல்லை, குழாயும் இல்லை. வேண்டுமானால் யாரிடமும் விசாரித்துக்கொள். நாளைக்கு இன்னும் ஏதாவது விபரீதமாகச் சொன்னாலும் ஆச்சரியப்படாதே. வயது.

உன் அறை தயாராக இருக்கிறது. பதினான்காம் தேதி நானே ஸ்டேஷனுக்கு வருகிறேன். பிள்ளையைப் பற்றிப் பயம் வேண்டாம். நான் இருக்கிறேன்.

உன் அண்ணன்

மார்ச் 29

அன்புள்ள அப்பாவுக்கு,

சாப்பிட்டீர்களா? தூக்கம் வருகிறதா?

அண்ணன் எல்லாம் எழுதினான். உங்கள் மேல் கோபப்பட்டதற்கு என்னை மன்னித்துவிடுங்கள். நேற்று நீங்களே போன் செய்து ஊசி, சத்தம், நடிப்பு என்று என்னவோ சொன்னீர்கள். கத்தாதீர்கள் அப்பா, உங்களுக்கு இரத்த அழுத்தம் ஏறும். இந்த வயதில் மறதி வருவது எல்லோருக்கும் உள்ளதுதான். நான் வந்ததும் ஒரு நல்ல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்.

மருந்துகளை அண்ணன் எடுத்துக் கொடுக்கட்டும், நீங்களாக எடுக்க வேண்டாம். அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

பதினான்காம் தேதி வந்துவிடுவோம்.

உங்கள்
பாப்பா

ஏப்ரல் 2

பாப்பா,

நல்லாச் சாப்பிட்டேன். நல்லாத் தூங்கினேன். அடுப்புப் பக்கமும் போனேன், டீ போட்டேன், சக்கரை சரியா இருந்துச்சு.

உன் இடது முட்டியில ஒரு தழும்பு இருக்கு. எட்டு வயசுல கடைக்கு வந்து, கறி நிறுக்கிற தராசுத் தட்டுல ஏறி உக்காந்து, சங்கிலி அறுந்து விழுந்த. உங்கம்மாகிட்ட பள்ளிக்கூடத்துல விழுந்தேன்னு சொன்ன. இன்னைக்கு வரைக்கும் நான் காட்டிக் குடுக்கலை. எனக்கு மறதியா? இப்ப மேல படி.

மார்ச் பத்தாம் தேதி சாயங்காலம் சுண்டெலி என்னைப் படுக்கப் போட்டு டாக்டர் விளையாட்டு விளையாடினா. பஞ்சை எடுத்து என் கையில ஒட்டினா. "ம், கத்துங்க தாத்தா"ன்னா. "ஊசி எங்கம்மா?"ன்னேன். "ஊசியெல்லாம் இல்லை. கத்தினாப் போதும். வெளிய கேக்கணும்"னா. நான் சிரிச்சுக்கிட்டே மெதுவாக் கத்தினேன். "அய்ய, இப்படிக் கத்தினா தாத்தாவுக்குக் கேக்காது. அப்பா ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொல்வாரு, மூணுன்னதும் கத்தணும். நான் எவ்ளோ நல்லாக் கத்தினேன் தெரியுமா? ரெண்டு மிட்டாய் குடுத்தாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாது"ன்னா.

எதிர்ல படுத்திருக்கிறவன்தான் அந்தத் தாத்தான்னு அவளுக்கு அந்த நேரம் ஞாபகம் இல்லை. விளையாட்டுல நான் பேஷன்ட்டுதானே.

பாப்பா, நான் ஊசிக்குப் பயப்படுறதை வச்சு இந்த வீட்டுல எத்தனை வருசம் சிரிச்சிருக்கோம்! நானே சொல்லி நானே சிரிப்பேன். அதைத்தான் எடுத்து அவன் கதவுக்குத் தாழ்ப்பாளாப் போட்டுக்கிட்டான். உள்ள இருந்த கம்பவுண்டர் இவன் கூடப் படிச்சவன். போட்டதா எழுதிக் குடுத்துட்டான்.

கேட்டேன். அழுதான். "ஒரு மாசம் டைம் குடுங்கப்பா, போட்டுடுறேன், தங்கச்சிக்குத் தெரிஞ்சா முகத்துல முழிக்க மாட்டா"ன்னான். பெத்த மனசு, நம்பினேன். அவன் மானத்தை மூடத்தான் தெருவுல இல்லாத பள்ளத்தை நான் தோண்டினேன். அந்தப் பள்ளத்துலயே என்னைத் தள்ளிட்டு, "அப்பாவுக்குப் புத்தி பிசகிடுச்சு"ன்னு உனக்கு எழுதியிருக்கான். நீயும் நம்பிட்ட. போன்ல "சரிப்பா, சரிப்பா"ன்னு சின்னப் பிள்ளையைத் தட்டித் தூங்க வைக்கிற மாதிரி பேசின. வாழ்க்கை பூராக் கேலி பேசினவன் நிஜத்தைச் சொன்னா யாரு கேப்பா?

இதைக் காப்பகத்து வாசல் பெஞ்சுல உக்காந்து எழுதுறேன். கேட்டுல இன்னைக்கு ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்காங்க. ரெண்டு பிள்ளைக்குத் தட்டம்மை. ஒண்ணு சுண்டெலி வகுப்பு.

ரயில் ஏறாதே பாப்பா. என்னைப் பைத்தியம்னே வச்சுக்கோ. ஏறாதே.

புத்தி தெளிவா இருக்குற,
அப்பா

ஏப்ரல் 7

அப்பா,

தராசுத் தட்டு வரை படித்தேன். அதற்கு மேல் படிக்க ரொம்ப நேரம் ஆனது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "அவள் கத்தியது நிஜமா?" என்று கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவன் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு வைத்துவிட்டான்.

எனக்கு ஆபரேஷன் நடந்த அன்றைக்கு வெளியே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தவன் அவன். கண் விழித்ததும் நான் பார்த்த முதல் முகம் அவனுடையது. அவன்தான் "நான் இருக்கிறேன்" என்று எழுதி என்னை அந்த வீட்டுக்குக் கூப்பிட்டான். பயந்தான் என்றால் எனக்குப் புரியும். என் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தும் கூப்பிட்டானே, அது எனக்குப் புரியவில்லை.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடை முதலாளியம்மா வீட்டுப் பின்கட்டில் ஒரு அறையில் இருக்கிறோம். எவ்வளவு நாள் என்று தெரியாது. ஊஞ்சல் எப்போது என்று கேட்கிறான். பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன்.

உங்களை நம்பாமல் போனேன் அப்பா. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாப்பா

ஏப்ரல் 13

பாப்பாவுக்கு,

நீயும் பேரனும் அந்தப் பின்கட்டுல சுகமா இருக்கணும். என் முழங்கால் இப்ப ஒண்ணும் கேக்கலை, வீட்டு நிலைமை பாத்து அடங்கிடுச்சு.

நம்பாததுக்கெல்லாம் ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானும்தானே ஒரு சத்தத்தை நம்பினேன்.

இந்தக் கடுதாசியைச் சத்தமாப் படிச்சுக்கிட்டே எழுதுறேன். எதிர் நாற்காலியில உன் அண்ணன் உக்காந்திருக்கான். நான்தான் உக்காரச் சொன்னேன். இனி இந்த வீட்டுலேர்ந்து ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் உனக்கு எழுத வேண்டாம்.

காப்பகத்துல நானே போய்ச் சொல்லிட்டேன். பெரிய டீச்சர் என்னைத் திட்டலை. சுண்டெலி பையை எடுத்து என் கையில குடுத்து, "போட்டுட்டு வாங்க ஐயா"ன்னாங்க, அவ்ளோதான். கேட்டைச் சாத்தினாங்க. அன்னைக்கு அந்தக் கார்க்காரனைப் பாத்துச் சிரிச்சேன்ல, இப்ப நான் நின்னேன். உள்ளூரு ஆஸ்பத்திரி டாக்டரம்மாகிட்டயும் கேட்டோம். நாளைக்கே போட்டுடலாம், வலிப்பு அன்னைக்குக் காய்ச்சலால வந்தது, இப்போ பயப்பட வேண்டாம், நாங்க பக்கத்துலயே வச்சுப் பாத்துக்குறோம்னாங்க. உங்களை எப்போ கூப்பிடலாம்னு கேட்டேன். அந்த வகுப்புல இருந்ததால இவளுக்கே அம்மை வருதா இல்லையான்னு முதல்ல பாக்கணும், அப்புறம் பேரனைப் பாக்குற டாக்டர் சொல்லட்டும்னு சொல்லிட்டாங்க.

இதைப் படிச்சதும் உன் அண்ணன், "பெத்த அப்பா நீங்களே ஊரு முன்னாடி காட்டிக் குடுத்துட்டீங்க"ன்னான். "ஆமாண்டா"ன்னேன். "நீ என்னைப் பைத்தியக்காரன் ஆக்கின, நான் உன்னைப் பொய்யன் ஆக்கினேன். ரெண்டுல எது நிஜம்?"னு கேட்டேன். மருமகள் அந்தப் பக்கம் துணி மடிக்கிறா. நாலு நாளா இவன்கிட்ட பேசலை. ஒரே சட்டையைத் திருப்பித் திருப்பி மடிக்கிறா.

அடுத்த வரி படிச்சேன். நாளைக்குக் காலையில சுண்டெலியை மடியில வச்சுக்கப் போறது நான். கதவுக்கு உள்ள. கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டு.

"விழுந்துடுவீங்கப்பா"ன்னான்.

"விழ மாட்டேன். உக்காருவேன்"னேன்.

அவன் சிரிக்கலை. "அன்னைக்கு அவ என் கையிலதான் விறைச்சுக் கெடந்தா. கண்ணு மேல சொருகிடுச்சு. செத்துட்டான்னே நெனச்சேன். உங்க யாருக்கும் அது தெரியாது"ன்னான்.

"தெரியாதுடா தம்பி. சொல்லியிருந்தா உன்கூட உக்காந்து அழுதிருப்பேன். நீ எங்ககிட்ட அழலை. பிள்ளைக்குக் கத்தச் சொல்லிக்குடுத்த"ன்னேன். "உன் தங்கச்சி உனக்குச் சட்டை எடுத்து வச்சிருந்தா. அவ பிள்ளை உன் பொண்ணைத் தொடலாமான்னு மூணு தடவை கேட்டுச்சு. அதையெல்லாம் கேட்டுட்டுத்தான் 'வா'ன்னு எழுதினியா?"

எந்திரிச்சான். "இருடா, இன்னும் ஒரு வரி இருக்கு, எழுதி முடிச்சுடுறேன்"னேன். நிக்கலை. செருப்பு மாட்டுற சத்தம். அப்புறம் வாசல் கேட்டைச் சாத்துற சத்தம். என் மந்தக் காதுக்கே கேட்டுச்சு பாப்பா.

அவனுக்குப் படிச்சுக் காட்ட இருந்த வரி இதுதான்: நாளைக்கு நீயும் உள்ள வாடா, நான் தரையில உக்காந்துட்டேன்னா தூக்கிவிட ஒரு ஆள் வேணும்.

எழுதிட்டேன். நாற்காலிதான் காலியா இருக்கு.